நான் வலியைத் தாங்கவில்லை

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் என்னைப் பற்றி மேடையில் சொன்னது பொய். நான்கு விலா எலும்பு உடைந்தும் ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த வீரன் நான் என்று சொன்னார். சனம் கை தட்டியது. நான் கடைசி வரிசையில் வாய் நிறைய வடையோடு இருந்தேன். உடனே மறுக்க முடியவில்லை. இப்போது மறுக்கிறேன்.

நடந்தது இதுதான். போன வருடம் தைப்பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. ஜேர்மனியில், கொலோன் நகரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் ஏணியில் நின்று பதாகை கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலைவர். அவருக்குத் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். நான் விழுந்தேன்.

வைத்தியசாலையில் படம் பிடித்துப் பார்த்தார்கள். வெட்டித் தைக்கத் தேவையில்லை, விலா தானாகப் பொருந்தும், ஆனால் நான் நன்றாக மூச்சை இழுத்து விடவேண்டும், இருமவேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் சளி உள்ளே தங்கி நிமோனியா வருமாம். மற்றவர்களைவிட எனக்கு ஆபத்து கூட. கொரோனா வந்த முதல் வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் குப்புறக் கிடந்து, ஒட்சிசனில் உயிர் தப்பியவன் நான். நுரையீரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

தாதி வந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டாள். பூச்சியம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது, உனக்கு எத்தனை? எனக்கு எட்டு. திரும்பிப் படுத்தால் ஒன்பது. வாயில் வந்தது இரண்டு. ஏனென்றால் அவள் கேட்ட நேரமெல்லாம் கட்டிலைச் சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையில் கோழி சூப், இன்னொருவர் கையில் இடியப்பப் பெட்டி. இத்தனை பேருக்கு முன்னால் எட்டு என்று சொல்ல எங்கள் ஊர் ஆம்பிளை ஒருவனுக்கு வாய் வருமா? இரண்டு என்று சொன்னவனுக்கு இரண்டுக்குரிய சின்ன வலிக் குளிசைதான் கிடைத்தது.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி தந்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்பும். எனக்கு ஒரு பந்துகூட அசையவில்லை. தலைவர் அதை வாங்கி, எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன் என்று சொல்லி, முகம் சிவக்க ஊதினார். இழுக்க வேண்டியதை ஊதினால் பந்து எங்கே எழும்பும்? தாதி அதைப் பறித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒட்சிசன் அளவு இறங்கியது. மயக்க மருந்துப் பிரிவிலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்தார். வலியைக் கவனிப்பதும் அவர்களுடைய வேலையாம். நான் வழக்கம்போல இரண்டு என்றேன். இலக்கம் எனக்கு வேண்டாம், ஒருமுறை இருமிக் காட்டு என்றார். நான் பாதி இருமலிலேயே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. முதுகுத் தசைக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, விலா நரம்புகளை மரக்க வைக்கலாம், நித்திரையாக்க மாட்டோம், நீ விழித்திருந்து மூச்சு விடலாம் என்று விளக்கினார். தான் படித்த காலத்தில் இந்த முறை புத்தகத்திலேயே இல்லை என்றும் சொன்னார். இப்படியே விட்டால் செயற்கைச் சுவாசத்தில் போடவேண்டி வரலாம், பின்னேரம் திரும்பி வருவேன், யோசித்து வை என்று சொல்லிப் போனார்.

செயற்கைச் சுவாசம் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. கொரோனா நேரம் பக்கத்துக் கட்டில்காரர் அதில் ஏறினார். உயிரோடு இறங்கவில்லை.

அப்போதாவது ஓம், போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். தலைவர் விடவில்லை. "முள்ளந்தண்டுக்குக் கிட்ட ஊசியோ? வேண்டாம். எங்கட ஆக்கள் இதைவிடக் கண்டவை," என்று தொடங்கி, தன் வழக்கமான கதையை எடுத்தார். வன்னியில் போரின் கடைசி நேரம், மயக்க மருந்து இல்லாமல் ஒருவருக்குக் கால் எடுத்தார்களாம். அந்த மனிதர் "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லையாம். இந்தக் கதையை அவர் பொங்கலுக்கும் சொல்வார், கலியாண வீட்டிலும் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். நான் அந்தப் பேச்சைக் கேட்டு, ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

கட்டிலடியில் இருந்த என் மனைவி எழுந்தாள். வெளியே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தாள். அவள் கோபத்தில் பேசாமல் போனால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மணித்தியாலத்தில் ஒரு மனிதர் நொண்டிக்கொண்டு வந்தார். என் மனைவியோடு ஒரே சமையல்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணின் கணவர். சங்கத்துக்கு வராத ஆள். நான் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். தலைவர் அவரைக் கண்டதும் எழுந்து கதிரையைக் கொடுத்தார். அந்தக் கதையின் கால் இவருடைய கால்.

கதிரையில் இருந்ததும் அவர் தலைவரைப் பார்த்தார்.

"அண்ணை, நான் கத்தேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

தலைவர், எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறார்கள் என்று இழுத்தார்.

"நாலு பேர் என்னை அமத்திப் பிடிச்சவை. ஒருத்தற்ற கையைக் கடிச்சுப்போட்டன். மருந்து இல்லையெண்டு டொக்டரும் அழுதுகொண்டுதான் வெட்டினவர். மருந்து இருந்திருந்தா அவற்ற காலைப் பிடிச்சுக் கேட்டிருப்பன். உங்கட கதையைக் கேக்க ஏலாமல்தான் அண்ணை நான் விழாவுக்கு வாறேல்லை."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். செயற்கைக் காலைத் தட்டிக் காட்டினார்.

"இதில கால் இல்லை. இல்லாத கால் இண்டைக்கும் நோகுது. அதுக்கே நான் குளிசை போடுறன். உங்களிட்ட இருக்கிற விலாவுக்குப் போட என்ன வெக்கம்?"

என் மனைவி, "இஞ்சருங்கோ, இப்ப சொல்லுங்கோ, எத்தினை?" என்றாள்.

"ஒன்பது," என்றேன்.

தலைவர், கார் நிறுத்திய நேரம் முடிகிறது என்று சொல்லிக் கிளம்பினார்.

பின்னேரம் டொக்டர் வந்தார். என்னைக் கட்டில் விளிம்பில் இருத்தி, ஸ்கான் திரையைப் பார்த்துப் பார்த்து முதுகில் குழாயை வைத்தார். சின்ன எறும்புக்கடி போல ஒன்று, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பி அவிழ்ந்தது போல இருந்தது. புதுக் கருவியில் இழுத்தேன். ஒரு பந்து எழும்பியது. அடுத்த நாள் இரண்டு. கால் இல்லாத அந்த மனிதர் மறுபடி வந்து பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்தார். விலா உடைந்தவன் வயிறு குலுங்கச் சிரித்தேன். மூன்றாவது பந்து எழும்பிய அன்று அவர் சமோசா வாங்கி வந்தார். தாதியும் ஒன்று சாப்பிட்டாள். காய்ச்சல் விட்டது. செயற்கைச் சுவாசத்துக்குப் போகாமலே வீட்டுக்கு வந்தேன். அவரும் நானும் இப்போது கிழமைக்கு ஒருமுறை சீட்டு விளையாடுகிறோம். ஆள் கள்ள ஆட்டக்காரர்.

இதோடு முடிந்திருந்தால் நான் பேனையைத் தொட்டிருக்க மாட்டேன். போன மாதம் ஆண்டு விழாவில் தலைவர் பழைய கதையோடு என்னையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த நாள் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போகவிருந்த ஒரு அக்கா என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட மனுசன் மருந்தில்லாமல் தாங்கினவராம், நானும் வேண்டாம் எண்டு சொல்லப்போறன்," என்றார். என் மனைவி அவருக்குக் கொடுத்த பேச்சை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அக்கா மருந்து எடுத்தார், இப்போது நடக்கிறார்.

ஒன்பது என்று வாய் திறந்து சொன்னதால்தான் நான் இன்றைக்கு மூச்சு விடுகிறேன். ஒவ்வொரு முறை படி ஏறும்போதும் அது நினைவுக்கு வருகிறது. ஆகவே, தலைவர் அண்ணை, அடுத்த கூட்டத்தில் நானும் என் சீட்டாட்டக்காரரும் முன் வரிசையில் இருப்போம். எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்லுங்கள். அவர் கத்தினாரா, இல்லையா? நான் ஊசி போட்டேனா, இல்லையா?