செல்லமுத்து அண்ணன் அறியாத ஒரு குடம் தண்ணீர்

செல்லமுத்து அண்ணன் போய்விட்டாராம். காலையில் நாத்தனார் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்... நேற்றே எடுத்துவிட்டார்களாம்.

யாரிடம் சொல்வது? மகனும் மருமகளும் ஆபீஸ் போயாச்சு. சேலத்தில் இந்த ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் பகலெல்லாம் நானும் டிவியும்தான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில், சங்ககிரியில் எங்கள் தோட்டத்தை ஒட்டியிருந்த லாரி செட்டில் வண்டிகளுக்கு டீசல் போடுகிறவர். நான் தம்மம்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஆறு மாதம்.

புதுப் பெண்ணுக்கு வாய் இருக்கக் கூடாது, காது இருந்தால் போதும். “சாப்ட்டீங்களா அம்மணி?” என்று என்னை வேலியோரம் நின்று கேட்ட ஒரே வெளி ஆள் அவர்தான்.

அந்த வருஷம் எங்கள் கிணற்றில் டீசல் வாடை. தண்ணீர் இறைக்கிற எங்கள் ஆயில் இஞ்சினிலிருந்துதான் சிந்துகிறது என்று மாமியார் என் வீட்டுக்காரரைத் தினமும் வைதார்.

பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கதை. கிணற்றுக்குக் கிணறு ஒரு இஞ்சின் இருந்ததா... எல்லாரும் அவரவர் இஞ்சினையே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன்தான் ஒரு நாள் வந்து சொன்னார். “உங்க இஞ்சின் மேல தப்பில்லீங்க அம்மணி. எங்க செட்டுல பூமிக்குள்ள பொதைச்ச டேங்க் ஒழுகுதுங்க. ஞாயித்துக்கெழம ஒரு வண்டிக்கும் ஊத்தறதில்ல. திங்கக்கெழம டேங்குக்குள்ள அளவுகோல உட்டுப் பாத்தா, சனிக்கெழம இருந்ததுக்கு ரெண்டு வெரக்கட கொறையுதுங்க.”

முதலாளியிடம் சொன்னதற்கு, வெயிலில் ஆவியாகியிருக்கும் என்றாராம்.

அண்ணன் தன் கையாலேயே மனு எழுதி சேலத்தில் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். அதில் அவர் கையெழுத்து மட்டும்தான். மற்றவர்கள் “பாக்கலாங்க” என்று நழுவிவிட்டார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

ஒரு மாதம் கழித்து, ஆபீசர் தண்ணீர் எடுத்துப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாமியாருக்கு ஒரே கவலை... ஆனால் வேறு கவலை.

“வாரவங்களுக்கு நாத்தம் புடிச்ச தண்ணியவா குடுக்கறது? தெக்காலத் தோட்டத்துக் கெணத்துல போய் ஒரு கொடம் கொண்டாந்துரு சாமி.”

ஒரு மைல் இருக்கும். சுமந்து வந்தேன்.

ஆபீசர் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். “தண்ணி நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

அதற்கப்புறம், இது எங்கள் கிணற்றுத் தண்ணீர் இல்லை என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. மாமனார் தோள் துண்டைச் சரிசெய்தார். மாமியார் என்னைப் பார்த்தார்.

கிணற்றில் இறங்க எழுபது படி. ஆபீசர் எட்டிக்கூடப் பார்க்காமல் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அந்தக் குடத்திலிருந்தே ஊற்றிக் கொடுத்தேன்... என் கைதான்.

தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பொய் மனு போட்டவர் என்று அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு என்ன செய்தேன்? சோறாக்கினேன்.

ஒரு வருஷம் போல இருக்கும், சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் துணிப்பை, கூட யாரும் இல்லை. எடப்பாடிப் பக்கம் தறிக்கூடத்து வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

“பாட்டில்ல நல்ல தண்ணி எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியலீங்க அம்மணி. நாந்தான் கோல தப்பாப் பாத்துட்டனோ என்னமோ” என்றார்.

“தெரியலீங்கண்ணா” என்றேன். பஸ் வந்தது... ஏறிவிட்டேன்.

ரொம்ப நாள் கழித்து அந்த டேங்கைத் தோண்டி எடுத்தார்கள். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. எங்கள் கிணற்றை அதற்கு முன்பே கைவிட்டிருந்தோம்.

யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னார்களா என்று இன்று காலை நாத்தனார் மகனிடம் கேட்டேன்... அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணா... நீங்க கோல சரியாத்தான் பாத்தீங்க. அந்தத் தண்ணிய நாந்தான் கொண்டாந்தேன்.

போயிட்டு வாங்க.