எண்ணெய்த் தலையோடு வராதீர்கள்

குளத்துத் தண்ணீரில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தமல்ல. போட்ட குளோரின் அழுக்கோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிட்டது, மிச்சமிருப்பது அந்தச் சண்டையின் நாற்றம் என்று அர்த்தம். நான் வேலை பார்க்கும் குடியிருப்பில் இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. எல்லாரும் படித்தவர்கள், பெரிய பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள். நான் பிளஸ் டூ. என் கையிலிருக்கும் சோதனைக் குழாய் சொல்வதைவிட அவர்களுடைய மூக்கு சொல்வதுதான் அவர்களுக்கு வேதம்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. கிளப் ஹவுஸின் முதல் மாடியில் ஒரு நீச்சல் குளம், அதன் ஓரத்தில் வட்டமாக ஒரு வெந்நீர்த் தொட்டி. ஆறு பேர் உட்காரலாம். பக்கவாட்டுத் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அவர்கள் அதை ஜக்குசி என்பார்கள். எனக்கு அது வெந்நீர்த் தொட்டிதான். இரண்டு தண்ணீரையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் திருமுடிவாக்கத்தில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் இருந்தேன். அங்கேயும் தொட்டி, அங்கேயும் தண்ணீர், அங்கேயும் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வேலை. முலாம் தொட்டியின் அளவு பிசகினால் பூசியதெல்லாம் உரிந்து வரும், அதனால் நான் "நிறுத்துங்க" என்று சொன்னால் மொத்த வேலையும் நிற்கும். முதலாளி முறைப்பார், ஆனால் நிறுத்துவார். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் கொடுத்த மரியாதையை மனுஷத் தோலுக்குக் கொடுக்காத இடத்துக்கு வந்து சேருவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெந்நீர் பொல்லாதது. பெரிய குளத்தில் நாலு பேர் அழுக்கோடு இறங்கினால் அது தாங்கும். தொட்டியில் தண்ணீர் கொஞ்சம், ஆள் நெருக்கம், வியர்வை அதிகம். சூட்டில் குளோரின் சீக்கிரம் பறந்துபோகும். தண்ணீர் பீய்ச்சி அடிக்க அடிக்க அதன் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும், ஏறினால் இருக்கிற குளோரினும் பாதி தூங்கிவிடும். நமக்கு இதமாக இருக்கிற சூடு கிருமிக்கும் இதம்தான். அதனால் பெரிய குளத்தை ஒரு நாளைக்கு மூன்று முறை சோதித்தால் தொட்டியை மணிக்கொரு முறை சோதிப்பேன். குளோரினுக்கான குழாயில் இளஞ்சிவப்பு வர வேண்டும், காரத்துக்கான குழாயில் சிவப்பு அளவோடு நிற்க வேண்டும். வராவிட்டால் தொட்டியை மூடிவிட வேண்டும். இவ்வளவுதான் என் சாஸ்திரம்.

இரண்டு தீபாவளிகளின் கதை இது. முதல் தீபாவளியில் நான் கோழையாக இருந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

அந்த வருஷம்தான் அசோசியேஷன் செக்ரட்டரிக்கு அந்த யோசனை வந்தது. தீபாவளி அன்று விடியற்காலையில் எல்லாரும் அவரவர் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கீழே வந்து, வெந்நீர்த் தொட்டியில் ஒன்றாகக் கங்கா ஸ்நானம் செய்ய வேண்டும். வாட்ஸப்பில் விளக்கும் மத்தாப்புமாக ஒரு படம் போட்டார். ஆளாளுக்குக் கைகூப்பினார்கள். மழைக்காலம், குளிர், வெந்நீர், பண்டிகை. யாருக்குத்தான் ஆசை வராது?

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷவர் இருக்கிறது. அதில் அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று போர்டும் இருக்கிறது. ஆனால் ஷவரில் வருவது பச்சைத் தண்ணீர். ஐப்பசி மழையில் ஐந்து மணிக்கு அதன் கீழே எவர் நிற்பார்? நெற்றியில் எண்ணெய் வழிய வழிய, காது மடலில் சீயக்காய்த் தூள் ஒட்டியபடி, நாற்பது பேருக்கு மேல் ஏறி இறங்கினார்கள். தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்தது. மேலே நுரை கட்டியது. ஒருவர் அந்த நுரையைக் கையில் அள்ளி போட்டோ எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்து பத்து மணிக்குத்தான் சோதிக்க முடிந்தது. இளஞ்சிவப்பு வரவே இல்லை. குழாய்த் தண்ணீர் நிறமே இல்லாமல் நின்றது. தொட்டியை வடித்து, உட்புறமெல்லாம் தேய்த்து, ஃபில்டரைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று செக்ரட்டரியிடம் சொன்னேன்.

"சாயங்காலமும் ஜனங்க வருவாங்கம்மா. இப்பவே குளோரின் நாத்தம் தாங்கல, குழந்தைங்களுக்குக் கண்ணு எரியுதாம். நீங்க முதல்ல குளோரினைக் குறைங்க."

"சார், நாத்தம் வருதுன்னா குளோரின் பத்தலைன்னு அர்த்தம் சார்."

"குறைங்கன்னா குறைங்க. இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

குறைத்தேன். குளோரின் சொட்டும் கருவியின் குமிழை என் கையாலேயே திருகிக் குறைத்தேன். தெரிந்தே செய்தேன். வேலைக்குப் பயந்தேன். அன்று சாயங்காலமும் மறுநாளும் தொட்டி திறந்தே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது பிளாக்கில் இருக்கும் ஓர் அம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் இடுப்பிலும் முதுகிலும் நீச்சல் உடை இறுக்கிய இடமெல்லாம் சிவந்து சிவந்து, சீழ் முனையோடு பொரிப் பொரியாக எழும்பியிருந்தது. காய்ச்சலும் இருந்தது.

"கண்ணுமண்ணு தெரியாம கெமிக்கலைக் கொட்டினா இப்படித்தான் ஆகும்! உங்க பிள்ளையா இருந்தா கொட்டுவீங்களா?"

கிளப் ஹவுஸ் முழுக்கக் கேட்டது. கொட்டவில்லை, குறைத்தேன் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ரசாயனத்தின் அளவு மிகுந்ததால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை, ஊழியர் எச்சரிக்கப்பட்டார் என்று அச்சடித்து லிஃப்ட்டில் ஒட்டினார்கள். ஒவ்வொரு முறை லிஃப்ட்டில் ஏறும்போதும் அந்த 'ஊழியர்' என்னைப் பார்த்தது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் குழந்தை தனியாகக் குளத்தங்கரைக்கு வந்தாள். "ஆன்ட்டி, டாக்டர் கெமிக்கல் இல்லேன்னு சொன்னாரு. சுடுதண்ணில கிருமி இருந்துச்சாம்" என்றாள். அவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். பெரியவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை. சுற்றறிக்கையையும் யாரும் கிழிக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான் என்பதும் தெரிந்தது.

அடுத்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வாட்ஸப்பில் அதே விளக்கு, அதே மத்தாப்பு. நான் நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன்.

"சார், வீட்லயே எண்ணெய் போக அலசிட்டு வரட்டும். ஒரு நேரத்துல ஆறு பேர், கால் மணி நேரம். கர்ப்பமா இருக்கறவங்க, நெஞ்சு வலிக்காரங்க வேண்டாம். ஆறு பேர் ஏறினதும் நான் டெஸ்ட் பண்ணி, சரியா இருந்தாதான் அடுத்த ஆறு பேர். இதுக்குச் சம்மதம்னா நானே நாலு மணிக்கு வந்து திறக்கறேன்."

செக்ரட்டரி சிரித்தார். "பண்டிகை அன்னிக்கு க்யூல நிக்க வைக்கச் சொல்றீங்களா? எண்ணெய் இல்லாம என்னம்மா தீபாவளி?"

"எண்ணெய் வேண்டாம்னு சொல்லல சார். தொட்டியில வேண்டாம்னு சொல்றேன்."

"நீங்க திறக்கலேன்னா பிளம்பர் திறப்பாரு. அவர்கிட்டயும் சாவி இருக்கு."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணி. மழை விட்டு வெயில் அடித்தது. ஒளிந்து மறைந்து செய்கிற புத்தி எனக்கில்லை. ஹீட்டரை அணைத்தேன், பம்பை நிறுத்தினேன், தொட்டியின் அடி வால்வைத் திறந்தேன். குளத்தில் நீந்திக்கொண்டிருந்தவர்கள் கரையில் கைவைத்து வேடிக்கை பார்த்தார்கள். சத்தம் கேட்டுப் பிளம்பர் ஓடி வந்தார். தாம்பரம் சந்தைப் பக்கத்து ஆள், என் வயதுதான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாக்கா பண்ற? நாளைக்குத் தீவாளி! செக்ரட்டரி என்னத்தான் போட்டுத் தள்ளுவாரு. ஏன்க்கா பேஜார் பண்ற?"

"உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான்தான் வடிச்சேன்னு சொல்லு."

"வேலை பூடும்க்கா."

"போகட்டும். போன வருஷம் அந்தப் பிள்ளை முதுகைப் பார்த்தல்ல?"

அவர் பார்த்திருந்தார். வால்வின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். மூட வேண்டுமானால் குனிந்து ஒரு திருப்புத் திருப்பினால் போதும். அவர் குனியவில்லை. "கொளப்பாதக்கா, நான் வூட்டுக்குக் கெளம்பிட்டேன்னு நெனச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தொட்டி ஆறு மணிக்கு வறண்டது. தேய்த்துக் கழுவி, மூடி வைத்து, மேலே ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்: தண்ணீர் இல்லை. எண்ணெய்த் தலையோடு வராதீர்கள்.

அன்று சாயங்காலம் செக்ரட்டரி எத்தனையோ தண்ணீர் லாரிக்காரர்களுக்குப் போன் செய்தாராம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி எந்த லாரிக்காரர் போனை எடுப்பார்? போர் தண்ணீர் மெல்லத்தான் வரும், தொட்டி நிரம்பி விடிவதற்குள் சூடேறாது.

காலையில் நான் வேண்டுமென்றே நாலரைக்கே வந்து தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓடி ஒளிந்தாள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. துண்டும் சோப்பு டப்பாவுமாக, எண்ணெய் மினுக்கும் முகங்களோடு ஒவ்வொரு குடும்பமாக வந்தது. அட்டையைப் படித்தார்கள். என்னைப் படித்தார்கள். "யாரைக் கேட்டு வடிச்சீங்க?" என்று ஒருவர் எகிறினார். "தண்ணியைக் கேட்டுத்தான்" என்றேன். திமிர்தான். ஒன்பது வருஷம் பட்டறையில் சேர்த்து வைத்த திமிர், இங்கே ஒரு வருஷம் அடகில் இருந்தது. அன்று மீட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பிளாக் அம்மாவும் மகளோடு வந்தார். அட்டையைப் பார்த்தார், மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. குடியிருப்பவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செக்ரட்டரி குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்கம்மா. போர்டுல ஒட்டிடுவோம். வேலைல இருங்க. எழுதலேன்னா ஒண்ணாம் தேதியோட நின்னுக்கங்க."

"எழுதறேன் சார்" என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

அங்கேயே உட்கார்ந்து, தண்ணீர் அளவுகளை எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்:

"இரண்டாவது பிளாக்கில் இருக்கும் குழந்தைக்கும், சென்ற தீபாவளிக்குப் பிறகு உடம்பில் பொரி வந்த எல்லாருக்கும். தொட்டியில் குளோரின் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தும், குறைக்கச் சொன்னார்கள் என்பதற்காக நான் இன்னும் குறைத்தேன். உங்கள் உடம்பில் வந்தது கெமிக்கலால் அல்ல, நான் மூடாமல் விட்ட தண்ணீரால். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வருஷம் வடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இனியும் தண்ணீர் கெட்டால் வடிப்பேன்."

கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன். செக்ரட்டரி படித்தார். "இதை ஒட்ட முடியாது" என்றார்.

"நீங்க கேட்டது மன்னிப்புக் கடிதம்தானே சார். இதுதான் என்கிட்ட இருக்கு."

வெளியே வந்து நானே அதை அறிவிப்புப் பலகையில் குத்தினேன். அவர் பின்னாலேயே வந்தார். "எடுங்கம்மா அதை" என்றார்.

"நான் எடுக்க மாட்டேன். நீங்க கிழிச்சுக்கங்க."

கிழிக்கத்தான் கையை நீட்டினார். அதற்குள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்த இரண்டாவது பிளாக் அம்மா, பலகைக்கும் அவருக்கும் நடுவில் நின்று கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இருங்க சார்" என்றார் திரும்பாமலே. "நான் இன்னும் படிச்சு முடிக்கல."

அவர் படித்து முடிக்கும் வரை நானும் அங்கேயே நின்றேன்.