தேன்மொழி அக்கா நான்தான்

ரெண்டு வருஷமா 'தேன்மொழி'ங்கிற பொண்ணு பேர்ல ஆன்லைன்ல சிரிப்புக் காதல் நாவல் எழுதுறது நான்தான். இன்னிக்குக் காலை வரை யாருக்கும் தெரியாது.

எங்க மருந்துக்கடையில கூட வேலை பாக்குற கவிதா, போனை நீட்டினாங்க. "தேன்மொழி அக்கா எழுதுறதப் படிங்க. பொண்ணுங்க மனசு அப்படியே இருக்கு."

கவிதாகிட்ட சொல்லத் தயங்கினதையெல்லாம்தான் அதுல எழுதிட்டிருந்தேன். இனிமே ஒளிய வேணாம்னு தோணுச்சு.

"அந்த அக்கா நான்தாங்க."

சிரிச்சாங்க. நம்பல.

இன்னும் போடாத அத்தியாயத்தைச் சொன்னேன். திருநள்ளாறு பஸ்ல கதாநாயகன் கதாநாயகிகிட்ட, "என்னைக் கட்டிக்கிறீங்களா?"ன்னு நேராவே கேட்டுடுறான்.

கவிதா மாத்திரை அட்டைகளை அடுக்கினாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "அந்தப் பொண்ணு உடனே சரின்னு சொல்ல மாட்டா. முதல்ல அவனை ஒரு டீ வாங்கித் தரச் சொல்லுங்க"ன்னாங்க.

காரைக்கால் பீச் பக்கம் நல்ல டீக்கடை எது? சீக்கிரம் சொல்லுங்க. ஆறு மணிக்கு எங்க ஷிப்ட் முடியுது.