வியாழனில் ஒரு கரும்புள்ளி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பார். சாயங்காலம் வந்ததும் கொல்லைப்புறத்தில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டு என் உயிரை எடுப்பார்.

இருட்டுவதற்கு முன்பே தொலைநோக்கிக் குழாயை வெளியே வைத்துவிட வேண்டும். வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு அது வந்தால்தான் படம் தெளியுமாம். அவர் படம் எடுக்கும்போது நான் அடுப்பையும் பற்றவைக்கக் கூடாது. சூடு ஜன்னல் வழியாக மேலே போய்க் கோளை ஆட்டிவிடுமாம்.

"அறுபது கோடி கிலோமீட்டர் தாண்டி வர்ற வெளிச்சம், என் வாணலிகிட்ட வந்துதான் கெட்டுப்போகுதா?"

"ஆமா, இங்கதான் கெட்டுப்போகுது" என்பார், சிரிக்காமல்.

மூன்று நிமிடம் வீடியோ எடுப்பார். அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களில் காற்று நடுங்காத நொடியில் விழுந்தவற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும். பத்து நாளில் எட்டு நாள் மேகம், இல்லாவிட்டால் காற்று. ஒன்பது வருஷமாக இப்படி எடுத்ததை ஒரு வானியல் சங்கத்துக்கு அனுப்புகிறார். 'கிடைத்தது, நன்றி' என்று பதில் வரும். அதற்கே அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார்.

போன மாதம் ஒருநாள் மேகம் விட்டுவிட்டு வந்தது. ஒரே ஒரு வீடியோதான் தேறியது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். திரையில் வியாழனின் பட்டைகளுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி.

"வியாழனோட நிலா எதுவும் இப்ப குறுக்க வரல. கணக்குப் பாத்துட்டேன். ஏதோ வந்து மோதியிருக்கு" என்றார். முதலில் சொல்பவர் பெயரில்தான் அது பதிவாகும். மெயில் எழுதி முடித்திருந்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபது வருஷமாக அடுத்தவர் நெஞ்சில் புள்ளி தேடுவதுதான் என் பிழைப்பு. அடுத்தடுத்து இரண்டு பேர் படத்தில் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால், கோளாறு அவர்களிடம் இல்லை, எக்ஸ்ரே தட்டில் தூசு. இந்தப் புள்ளியும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவும் மனசு வரவில்லை. அதற்குள் அவர் விரல் பட்டனுக்குப் போய்விட்டது.

"கேமராவுல தூசா இருந்தா?"

திரும்பிப் பார்த்தார். "ஒன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு. அது உனக்குப் பொறுக்கலையா?"

சுருக்கென்றது. எனக்கும் கோபம் வந்தது. "சரி, அனுப்புங்க. நாளைக்கு அது தூசுன்னு தெரிஞ்சா, அப்புறம் உங்க படத்த எவன் நம்புவான்?"

விரலை எடுத்தார். சோதிக்கும் வழி அவருக்கே தெரியும். தொலைநோக்கியைத் துளி திருப்பினால் வியாழன் திரையில் நகரும். புள்ளி வியாழனுடையது என்றால் கூடவே போகும்; தூசு என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். வெளியே போனோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, வானம் முழுக்க மேகம்.

படியில் உட்கார்ந்தோம். அவர் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவர் போல், வேறு யாராவது சொல்லிவிட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். சத்தியமாக.

ஐம்பது நிமிடம் கழித்து மேகம் விலகியது. குழாயைத் துளி திருப்பினார். வியாழன் நகர்ந்தது. புள்ளி நகரவில்லை.

அவர் மெயிலை அழித்தார். காற்று ஊதும் ரப்பர் குமிழால் கேமராவைச் சுத்தம் செய்தார். அப்புறம் சொன்னார்.

"முன்னல்லாம் கோள் திரையில ஆடிக்கிட்டே இருக்கும், படங்கள அடுக்கும்போது தூசு கலைஞ்சு தெரியாமப் போயிடும். இந்த வாரந்தான் கோள் நகர நகர தொலைநோக்கியத் திருப்புற மோட்டார நல்லா சரிபண்ணேன். இம்மியும் ஆடல. நல்லா பண்ணதால வந்த வினை."

மறுபடி வியாழனை எடுத்தார். காற்று அசையாமல் நின்றதால் படம் பளிச்சென்று வந்தது. சங்கத்தின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். அதன் கடைசி வரி, 'படத்தைச் சரிபார்த்தவர்.' இத்தனை வருஷமும் அதில் கோடு போட்டே அனுப்பியிருக்கிறார். அன்று என் பெயரைத் தட்டினார். தட்டியவர் நிமிர்ந்தார்.

"இன்ஷியல் எது போட? என்னோடதா, உங்கப்பாவோடதா?"

ஆஸ்பத்திரியில், பேங்கில், எல்லா இடத்திலும் கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுத்துதான் என் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அவர் உட்பட யாரும் என்னைக் கேட்டுப் போட்டதில்லை.

"எங்கப்பாவோடதே போடுங்க" என்றேன்.

போட்டார்.