விற்ற சேலையின் பக்கம்

வலைத்தளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சங்கரன்கோவிலில் அதைச் சொன்னால், ஆதாரில் பெயர் திருத்தித் தர முடியுமா என்றுதான் பாதிப்பேர் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஒரு தளம் செய்தேன். அவரிடம் மொத்தமாகச் சேலை எடுத்துக்கொண்டிருந்த வியாபாரி திடீரென்று நிறுத்திவிட்டார். வெளியூர்க்காரர்கள் நேரடியாக ஆர்டர் கொடுத்தால்தான் அண்ணாச்சி தன் சேலையைத் தானே நெய்து விற்க முடியும். இல்லையென்றால் அதே வியாபாரியிடம் தறியில் ஏற்றும் பாவும் ஊடைநூலும் வாங்கிக் கூலிக்குத் தறி ஓட்ட வேண்டும். அந்த நினைப்பே அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

தளம் தயாரானது. ஆனால் இணையத்தில் தேடினால் ஒரு சேலைகூட வரவில்லை. சேலைகளெல்லாம் டேட்டாபேஸுக்குள் கிடந்தன. யாராவது நிறமோ விலையோ தட்டிக் கேட்டால்தான் பக்கமே உருவாகும். தேடுபொறி வரும், எதையும் தட்டாது, போய்விடும். ஆகவே ஒவ்வொரு சேலைக்கும் வாசித்தால் புரிகிற தனி முகவரி, தனித் தலைப்பு, நாலு வரி விவரம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக இணைப்பு என்று உட்கார்ந்து செய்தேன். கண் பூத்துப் போனது. பச்சை நிறத்துக்கு எத்தனை விதமாகத்தான் எழுதுவது?

அப்படியும் வரவில்லை. பார்த்தால், ஊருக்குள் ஒரு சேலை விற்றாலும் அண்ணாச்சி அன்றே அதன் பக்கத்தை அழித்துவிடுகிறார். தேடுபொறி ஆடி அசைந்து வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

"அழிக்காதிய அண்ணாச்சி. வித்துப் போச்சு, இதே மாதிரி நெய்து தாரோம்னு போடுவோம்" என்றேன்.

"இல்லாத சரக்கக் காட்டி ஆள இழுக்கச் சொல்லுதியா? நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது மக்கா."

அவருடைய நேர்மை மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நெய்து தருவது பொய்யில்லையே என்று வாதாடி, கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். தேடலில் தெரியும் வரியிலேயே அவருடைய போன் நம்பரையும் சேர்த்தேன்.

வாரங்கள் போயின. ஒரு காலையில் தேடியபோது, மயில்கழுத்து நிறச் சேலையின் பக்கம் முதலாவதாக வந்து நின்றது. சந்தோஷத்தில் தறிக்கூடத்துக்கு ஓடினேன். அண்ணாச்சி வாசலில் போனோடு நின்றார்.

"வித்துப் போச்சும்மா. இல்லம்மா, இனிமே நெய்து தரவும் முடியாது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி? இதுக்குத்தான இவ்வளவு பாடு!"

அவர் உள்ளே கைகாட்டினார். "எல்லாத் தறியிலயும் அந்த வியாபாரி பாவுதான் ஓடுது. முந்தாநாள்தான் ஏத்துனேன். கூலிக்கு ஒத்துக்கிட்டேன் மக்கா, வேற வழியில்ல. அந்தப் பக்கத்த எடுத்துரு. இப்போ அது பொய்யாப் போச்சுல்லா."

நின்ற இடத்திலேயே எடுத்துவிட்டேன். ஆனால் தேடுபொறி மறுபடி வந்து பார்க்கும்வரை பழையதைத்தான் காட்டும். போன் வந்துகொண்டே இருந்தது.

"போன எடுக்காதிய அண்ணாச்சி" என்றேன்.

"நம்மளத் தேடித்தான கூப்பிடுதாங்க" என்றார். ஒவ்வொரு தடவையும் தறிச் சத்தத்தை விட்டு வெளியே வந்து, முன்பின் தெரியாதவர்களிடம், இனி தன்னால் நெய்ய முடியாத சேலைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.