ஹொசு ஆற்றங்கரையில் நின்ற குழந்தைவண்டி

காலை ஒன்பது மணிக்குக் கியோட்டோவிலிருந்து புறப்பட்டோம்: நான், கணவர் சுதன், பதினொரு மாத மகள் ஆதிரா. நவம்பர் கடைசி. இலைகள் சிவப்பதைப் பார்க்க ஓஸ்லோவிலிருந்து கைக்குழந்தையோடு இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்று விமானம் ஏறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஹொசு ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி ஒரு பழைய சிறு ரயில் ஓடுகிறது. கமேயோகாவிலிருந்து சாகா வரை 7.3 கிலோமீட்டர், ஒருவருக்கு 880 யென். இந்த நாட்களில் இருக்கைகள் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். 11.30 ரயிலுக்கு எங்களிடம் சீட்டு இருந்தது.

10.15. கமேயோகா. நிலையத்தருகே ஒரு சின்ன நூடுல்ஸ் கடை. உள்ளே நாலே மேசை, ஒரே ஆவி. ஆதிரா தூங்கிவிட்டிருந்தாள். வண்டியை வெளியே ஜன்னலடியில் நிறுத்தி, பிரேக் போட்டு, போர்வையை இழுத்துவிட்டு உள்ளே போனோம். ஓஸ்லோவில் எல்லோரும் செய்வதுதான். பனியிலும் பிள்ளைகள் வெளியில் தூங்குவார்கள். மகள் விஷயத்தில் நான் யோசிக்காமல் செய்கிற ஒரே காரியமும் அதுதான்.

கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டின் நடுவே கையால் துடைத்துப் பார்த்தேன்.

"என்னப்பா, பிள்ளையிட்டை ஆரோ நிக்கினம்!"

சுதனிடம் கத்திவிட்டு ஓடினேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கணவனும் மனைவியும். அவர் தெருவின் இருபுறமும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தன் கழுத்துத் துணியை விரித்து, ஆதிராவின் முகத்தில் வெயில் படாமல் பிடித்திருந்தார். "மமா?" என்றார் என்னிடம். தலையாட்டினேன். நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். யாரோ பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று காவல் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் குழந்தைகள் இப்படித்தான் தூங்குவார்கள் என்று சுதன் தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். அந்தப் பெரியவர் வாசித்துவிட்டு ஏதோ சொல்ல, திரையில் வந்தது: "அங்கே கரடி இல்லையா?"

நால்வரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிலையத்தில் விசில் கேட்டது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த இரண்டு சீட்டுகளை மெல்லச் சட்டைப்பையில் வைத்தார். புறப்பட்டுப் போனது அவர்களுடைய ரயில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கடையைக் குடுப்பமப்பா. நாங்கள் பிறகு வரலாம்."

"எப்ப? இவளின்ரை கலியாணத்துக்குப் பிறகோ?" என்ற சுதன், சொல்லும்போதே சீட்டுகளை நீட்டியிருந்தார்.

இரண்டு கைகளாலும் தள்ளிவிட்டார்கள். நிலையத்தில் விசாரித்ததில், எங்கள் ரயிலில் நின்றபடி வர அவர்களுக்கு இடம் கிடைத்தது.

ரயில் நகர்ந்ததும் அந்த அம்மாவை என் இருக்கையில் உட்காரவைத்தேன். ஆதிரா விழித்தாள். தெரியாத முகம், அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ அந்தத் துணியின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கீழே பச்சைத் தண்ணீரில் படகுகள், கரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு சுரங்கமும் முடிந்து வெளிச்சம் வரும்போதெல்லாம் அந்த அம்மா அவளுக்கு ஆற்றைக் காட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் நன்றி. சாகாவில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

போன வாரம், ஓஸ்லோவில் நாங்கள் இருக்கும் ஹொல்ம்லியாவில், கோப்பிக் கடை வாசலில் யாருடையதோ வண்டிக்குள் குழந்தை சிணுங்கியது. தாய் உள்ளே வரிசையில் நின்றிருப்பார். இங்கே அதற்காக யாரும் நிற்பதில்லை, நானும் நின்றதில்லை. நான் ஏறவேண்டிய, நகரத்துக்கான ரயில் வருகிற நேரம். வண்டியருகே போய் நின்றேன்.

கோப்பியோடு வந்த தாய், "ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள்.

"இல்லை, சும்மா," என்றேன். ரயில் போயிருந்தது.