டீசலில் இனிப்பு தேடினேன்

என் பிக்கப் வண்டியின் டீசல் டேங்கில் என் சகலை சர்க்கரையைக் கொட்டிவிட்டார் என்று நான் முழுசாக நம்பினேன். வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச்சர்க்கரையா என்பதில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, எருமப்பட்டிப் பக்கம் என் மாமனார் காட்டில் நடந்தது இது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி, பெரும்பாகம் லாரியில் போய்விட்டது. மிச்சத்துக்கு என் பிக்கப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மதியம் ஒரு மணியோடு சரி, இனிப் பொங்கல் கழித்துத்தான் கிழங்கு வாங்குவார்கள். பிடுங்கிய கிழங்கோ இரண்டு நாள் கிடந்தாலே உள்ளே கறுத்துவிடும். அன்றைக்கு விட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

லோடு ஏற்றிக் கயிறு கட்டி, சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. பத்துத் தடவை திருப்பினேன். கிர் கிர் என்று இழுத்ததே தவிர, ஒரு இருமல்கூட இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்தேன், ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். ஆக, பேட்டரி நன்றாக இருக்கிறது. டீசல் அரை டேங்க் இருக்கிறது. பிறகு என்ன?

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் சகலை மட்டும்தான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தியாளின் கணவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். போர்வெல் ரிக் வண்டியில் மெக்கானிக். லீவில் வந்தால் மாமனார் வீட்டு மோட்டார், மிக்ஸி, கேட்டுக் கீல் எல்லாம் அவர் கைபட்டு எழுந்து ஓடும். ‘சின்ன மாப்ள கைராசி’ என்று மாமனார் ஊரெல்லாம் சொல்வார். கோழி அடித்தால் கால் அவர் இலைக்குப் போகும், கழுத்து என் இலைக்கு வரும். பதினான்கு வருடமாகக் கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற ஒருவனுக்குச் சந்தேகம் வராதா?

டேங்க் மூடியைத் திறந்தேன். ஒரு குச்சியை விட்டு எடுத்து, அதில் ஒட்டியிருந்த டீசலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

“ஏனுங்க மாப்ள, காலைல சாப்புடலீங்களா?” என்றார் பின்னால் நின்ற மாமனார்.

கிழங்கு ஏற்றிய பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எச்சில் துப்பித் துப்பி எனக்கு வாய் வறண்டது. இனிப்பு மட்டும் இல்லை.

“பெரிய மாப்ள நக்கிப் பாத்துட்டாரு. சின்ன மாப்ள, நீங்க கொஞ்சம் கழட்டிப் பாருங்க” என்றார் மாமனார். மணி பத்தைத் தாண்டியிருந்தது.

சகலை பானட்டைத் தூக்கினார். டீசல் பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினார். குமிழி இல்லாமல் சுத்தமாக டீசல் வந்தது. “ஏர் புடிக்கலீங்ணா” என்றார். அடுத்து ஒரு சின்னப் பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி அங்கங்கே வைத்துப் பார்த்தார். சாவியைத் திருப்பினால் இஞ்சினுக்கு டீசலைத் திறந்துவிட ஒரு சொலினாய்டு உண்டு. அங்கே பல்பு எரியவில்லை.

“இதுக்குக் கரண்டே வரலீங்ணா. எங்கியோ கட் ஆவுது.” ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனவர், “சீட்டுக்கு அடியில போவுதுங்களே, இது கம்பெனி ஒயரு இல்லீங்களே” என்றார்.

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. காலையில் குளிக்காத உடம்பு, இப்போது வியர்வையில் குளித்தது.

அதற்கு முந்தைய வருடம் ஊர்த் திருவிழாவான கோயில் நோம்பியின்போது, என்னைக் கேட்காமல் என் பிக்கப்பை எடுத்துப்போனார் சகலை. திரும்பக் கொண்டுவந்தபோது வண்டி கழுவியிருந்தது. ஆறு மாதமாக நான் சகித்துக்கொண்டிருந்த பிரேக் சரியாகியிருந்தது. என் மனைவியே அவரைப் பாராட்டினாள். இடித்துக்கொண்டு வந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். மறுவாரமே சங்ககிரியில் ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, சொலினாய்டுக்குப் போகும் ஒயரை வெட்டி, சீட்டுக்கு அடியில் ரகசியமாக ஒரு சுவிட்ச் வைத்தேன். அதிலிருந்து அவர் பைக் சத்தம் கேட்டாலே என் கை தன்னால் கீழே போய்விடும்.

இப்போது எனக்கு ஒரே வேண்டுதல். வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது.

“வேண்டாங்க சகல! டிராக்டர வெச்சு இழுத்துக்கலாம். நீங்க கைய எடுங்க!”

“இருங்ணா, கண்டுபுடிச்சாச்சு” என்று சீட்டைத் தூக்கினார். சுவிட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமனார் அந்தப் பக்கம் லோடுக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“எனக்கோசரம் வெச்சதுங்களாண்ணா?” என்றார் மெதுவாக.

“திருடனுக்குங்க” என்றேன்.

“நல்லதுங்ணா. பொண்டாட்டி தங்கச்சி புருசன்னு பாக்காம வெச்சிருக்கறீங்க.” சிரிக்காமல் சொன்னார். சுவிட்சைத் தட்டினார். நான் சாவியைத் திருப்ப, முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்தது.

பிறகு மாமனாரிடம் அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. “ஒரு ஒயரு உட்டுப்போயிருந்துச்சுங் மாமா. அண்ணன்தான் எடத்தச் சரியாச் சொன்னாரு.”

பன்னிரண்டே முக்காலுக்கு மில் கேட்டுக்குள் நுழைந்தேன். கிழங்கு பிழைத்தது, என் மானமும் பிழைத்தது. மாமனார் இப்போதும் விருந்தாளிகளிடம் பெரிய மாப்பிள்ளையின் வண்டி ஞானத்தைப் பற்றிச் சொல்கிறார். பக்கத்தில் சகலை உட்கார்ந்து “ஆமாங்க” என்று தலையாட்டுகிறார். கைராசிமேல் பட்ட பொறாமையாவது ஒரு நாள் தீரும் என்று நினைத்திருந்தேன். அந்த “ஆமாங்க”வின் மேல் வந்த பொறாமை தீராது, ஏனென்றால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மைக் வைத்துச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. உதவிக்கு வந்த மனிதரின் பைக் சத்தத்தைக் கேட்டு நானேதான் அதை அணைத்து வைத்தேன்.